முனியாண்டி மலையை அண்ணாந்து பார்த்தவள்

எல்கடுவைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் சிவநந்தினியின் கைக்கென்று ஒரு பெயர் இருந்தது. ராசிக்கை. கவ்வாத்து வெட்டிய மலை மறுபடி தளிர்த்து, முதல் கொழுந்து எடுக்கும் நாளில் கற்பூரம் ஏற்றி முதல் கிள்ளு கிள்ள அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் ஒழுங்காகப் பதில் தெரியாது. எப்போதோ ஒருமுறை அவள் கிள்ளித் தொடங்கிய மலையில் கொழுந்து கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. சனங்களுக்கு அது போதாதா? அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்த ஒரு நாளுக்காகவே ஒரு நல்ல சேலையை மடித்து வைத்திருப்பாள்.

அப்படித்தான் போன வருசமும் முனியாண்டி மலைக்குப் போனாள். மலையின் நெற்றியில் ஒரு பெரிய சவுக்கு மரம், அதன் அடியில் குங்குமம் பூசிய ஒரு கல். அதுதான் முனியாண்டி. சிவநந்தினி கற்பூரம் ஏற்றினாள். சிரட்டைத் தணலில் சாம்பிராணியைக் கைநிறைய அள்ளிப் போட்டாள். சும்மா சொல்லக்கூடாது, புகை குபுகுபுவென்று எழும்பியது. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். பிறகு அவள் முதல் கொழுந்தைக் கிள்ளி, வழக்கம்போல உரக்கக் குரல் கொடுத்தாள்.

"பொலி!"

"பொலியோ பொலி!" என்று பெண்கள் பதில் சொல்லி வாய் மூடவில்லை. ஙொய்யென்று ஒரு சத்தம். பிறகு ஒரே குளவி.

ஓடினார்கள், விழுந்தார்கள், தேயிலைச் செடிக்குள் முகத்தைப் புதைத்தார்கள். சிவநந்தினியின் கை இரண்டும் வீங்கி, வளையலை வெட்டித்தான் எடுக்கவேண்டி வந்தது. பக்கத்து நிரையில் நின்ற ராசம்மா மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்து, முகம் ஊதி, மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நல்ல காலம், உயிர்ச்சேதம் இல்லை.

ராசம்மா சிவநந்தினியைவிட மூத்தவள், நல்லவள்தான், ஆனால் அந்த வாய் இருக்கிறதே! ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"சாமி அவ கையை ஏத்துக்கல. ஏத்துக்கிட்டிருந்தா, பத்த வச்ச ஒடனே இப்படி வந்து கொட்டுமா?"

சிவநந்தினி குடத்தோடு பின்னால்தான் நின்றாள். பேசியிருக்கலாம், சண்டையாவது போட்டிருக்கலாம். அவளோ அதை அப்படியே நம்பிவிட்டாள். இந்தக் கையை எல்லாரும் ராசி என்றபோது நம்பியவள், ஆகாத கை என்றபோது மட்டும் எப்படி நம்பாமல் இருப்பாள்?

அன்றிலிருந்து அவள் நெருப்பைத் தொடவில்லை. சாமி விளக்கும் இல்லை, அடுப்பும் இல்லை. இரத்தோட்டைப் பக்கம் ஆட்டோ ஓட்டும் அவள் புருசன் ரமணன்தான் விடிந்ததும் எழும்பி அடுப்பை ஊதி, தேத்தண்ணீர் என்ற பெயரில் எதையோ காய்ச்சி வைத்துவிட்டுப் போவான். மலைக்குப் போகமாட்டேன் என்று கங்காணியிடம் அழுது, நாற்றுமேடையில் பைக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போய்விட்டாள். ராத்திரியில் தூக்கம் இல்லை, பகலில் நெஞ்சு படபடப்பு. கடைசியில் ரமணன் அவளை ஆட்டோவில் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுபோனான். டாக்டர் சோதித்துவிட்டு, மனநலப் பிரிவில் இருந்த றஹீமா மிஸ்ஸிடம் அனுப்பினார்.

றஹீமா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ரமணனின் பழைய போனைக் காட்டி, "இதுல படம் எடுக்க ஏலுமா?" என்றாள்.

"ஏலும் மிஸ். கண்ணாடிதான் வெடிச்சிருக்கு," என்றான் ரமணன்.

"அப்ப தினமும் ஒரு படம் எடுங்க அக்கா. மனுசர் வேணாம். செடி, பூச்சி, மழை, என்னத்தையாவது. பின்னேரம் அந்தப் படத்தைப் பார்த்து, இத நான் ஏன் எடுத்தேன்னு ரெண்டு வரி எழுதுங்க. ஒருத்தரும் திருத்த மாட்டாங்க."

சிவநந்தினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைக் கொட்டுனது குளவி மிஸ். அதுக்குப் பூவைப் படம் புடிச்சா சரியாயிருமா?"

"குளவிய விடுங்க. நான் உங்களைப் பத்தித்தான் கேக்கிறேன்," என்று சிரித்தாள் றஹீமா.

வேண்டா வெறுப்பாகத்தான் தொடங்கினாள். அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டிலிருந்து நாற்றுமேடைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் ஒரு நத்தையைப் பிடித்தாள், படத்தில்தான். பின்னேரம் ஒரு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள். எழுதினாள்: "நத்தை. வீட்டைத் தூக்கிக்கிட்டே போகுது. தொட்டா உள்ள போயிருது. நானுந்தான்."

எழுதி முடித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. நத்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் தன்னைப் பற்றியல்லவா எழுதியிருக்கிறாள்!

அதற்குப் பிறகு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கல்லில் படர்ந்த பாசி. மழைக்கு முளைத்த காளான். தேயிலை வேரைச் சுற்றிக் கிடந்த சருகு. அட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. "அட்டை. ஒட்டுனா விடாது. ராசம்மாக்கா சொன்ன சொல்லு மாதிரி," என்று எழுதிவிட்டு முதல்தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். ரமணன் எட்டிப் பார்த்து, "அட்டையப் படம் புடிக்க ஒலகத்துலயே ஒருத்திதான் இருக்கா, அவளும் எனக்குப் பொண்டாட்டி," என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே போக வழியில்லை. எடுத்த படங்களையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரை. தரை. மறுபடி தரை. திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். ஒன்றிலாவது ஆகாயம் இருக்கவேண்டுமே? இல்லை. ஒரு மரத்துக்குக்கூட உச்சி இல்லை, எல்லாம் வேரும் தூரும்தான்.

கொப்பியில் எழுதினாள்: "எல்லாம் தரை. நான் எப்ப நிமிந்தேன்?"

கொழுந்து எடுக்கிறவளுக்குக் குனிந்தே பழக்கம், அது வேறு. ஆனால் அந்தப் பீலியடி நாளுக்குப் பிறகு அவள் லயத்தில் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பயத்தால் குனிந்தாளா, வெட்கத்தால் குனிந்தாளா? இரண்டும்தான் என்று எழுதினாள். எழுதும்போது அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள் போனை மேலே தூக்கினாள். லயத்துக்குப் பின்னால் நின்ற பலாமரத்தை எடுப்பதாக நினைப்பு, ஆனால் பயத்தில் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். வந்தது பாதி கூரைத்தகரமும் மீதி அவள் விரலும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். பலாமரத்தில் அணில் வந்தது. மலைமேல் குந்தியிருந்த மேகம் வந்தது. மின்கம்பியில் வரிசை பிடித்த குருவிகள் வந்தன. "குருவிங்களுக்கு யாரு ராசி பாக்குறா?" என்று அதற்குக் கீழே எழுதினாள்.

அப்புறம் ஒருநாள், பங்களா ரோட்டு முடக்கு வரை நடந்தாள். அங்கே நின்றால் எதிரே முனியாண்டி மலை தெரியும். போனைத் தூக்கி, படத்தைப் பெரிதாக்கி, அந்தச் சவுக்கு மரத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று திரும்பிவிட்டாள்.

பின்னேரம் எழுத உட்கார்ந்தாள். "இத நான் ஏன் எடுத்தேன்?" பேனா நகரவில்லை. படத்தை இன்னும் பெரிதாக்கினாள். கீழே கல், சிவப்பாகத் தெரிந்தது. மேலே, நேர் மேலே, இலைகளுக்கு நடுவில் கறுப்பாக என்னவோ, கவிழ்த்த பானை போலத் தொங்கியது.

"கீழ முனியாண்டி," என்று எழுதினாள். "மேல குளவிக்கூடு." பேனா நின்றது. பிறகு தானாக ஓடியது. "நடுவுல நான் போட்ட சாம்பிராணிப் பொகை."

அடக் கடவுளே! சிவநந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள், சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது.

"என்னங்க! இங்க வாங்க, இதப் பாருங்க!"

ரமணன் ஓடிவந்து படத்தைப் பார்த்தான். "கூடு! இம்மாம் பெரிய கூடா? அப்ப சாமி கோபம்...?"

"சாமி பாவம்ங்க. கால் இருந்திருந்தா அதுவும் நம்மளோட ஓடியிருக்கும்."

ரமணன் சிரிக்கவில்லை. முகம் மாறிவிட்டது. "ஏ புள்ள, நாளன்னைக்கு அங்க பூசை போடுறாங்க. சாமி குத்தம் தீரணுமாம். போன தடவையவிட ரெண்டு மடங்கு சாம்பிராணின்னு கங்காணி பேசிக்கிட்டாரு. ராசம்மாக்காதான் பத்த வைக்கப் போறாங்க."

அதே கல், அதே கூடு, இன்னும் பெரிய புகை. அவளைத் தூற்றிய அத்தனை பேரும் அதன் கீழே கண்ணை மூடிக்கொண்டு நிற்கப்போகிறார்கள். போய்ச் சொன்னால் நம்புவார்களா? ஆகாத கைக்காரி பூசையைக் கெடுக்க வந்துவிட்டாள் என்றால்? சொல்லாமல் இருந்தாலோ, ராசம்மாவின் முகம் இந்தத் தடவை தாங்குமா? விடிய விடிய யோசிக்கவில்லை அவள். கொப்பியில் ஒரே வரி எழுதினாள்: "நாளைக்கு பிரட்டுக்கு போறேன்."

பிரட்டு என்றால் காலையில் எல்லாரும் கூடி, கங்காணி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். சிவநந்தினி அங்கே தலைகாட்டி மாதக்கணக்காகிவிட்டது. அவளைக் கண்டதும் ராசம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடேயப்பா, யாரு வந்திருக்கா பாருங்க! என்னா, நாளைக்கும் நாந்தான் பத்த வைப்பேன்னு கேக்க வந்தியா?"

"இல்ல ராசம்மாக்கா. யாருமே பத்த வைக்க வேணாம்னு சொல்ல வந்தேன்."

"பாத்தீங்களா? பாத்தீங்களா இவ பேச்ச?"

சிவநந்தினி இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை, ராசம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் குளவி கொட்டிய தழும்பு இன்னும் கறுத்துக் கிடந்தது. போனை அப்படியே அவள் கையில் கொடுத்தாள்.

"பாருங்கக்கா. கல்லைப் பாத்தீங்களா? இப்ப மேல தள்ளுங்க. இன்னும் மேல."

ராசம்மாவின் விரல் மேலே போனது. நின்றது. "அடி ஆத்தே! இதுக்குக் கீழயா நான் நாளைக்கு நிக்கப் போனேன்?"

மகேஸ்வரன் கங்காணி போனை வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "எத்தனை தரம் போய் வந்த எடம்! நம்ம கண்ணெல்லாம் எங்க இருந்துச்சி?"

"கும்புடுறப்போ மூடியிருந்துச்சி கங்காணியண்ணே. மத்த நேரம் கொழுந்துல இருந்துச்சி. என் கண்ணுந்தான்," என்றாள் சிவநந்தினி.

பூசை தள்ளிப்போனது. கூடு எடுக்கத் தெரிந்த ஆட்கள் வந்து அதை அப்புறப்படுத்தி, மரம் சுத்தம் என்று சொன்ன பிறகுதான் எல்லாரும் முனியாண்டி மலை ஏறினார்கள். சிவநந்தினியும் ஏறினாள், அந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு. கூட்டத்தின் பின்னால்தான் நின்றாள். ராசம்மா தீப்பெட்டியோடு கல்லுக்கு முன்னால் போனவள், திரும்பி நேரே அவளிடம் வந்தாள்.

"இந்தா புள்ள, நீயே பத்த வை. கண்டபடி பேசுன வாய் என்னோடது. சாமி முன்னால நிக்க எனக்கே கூசுது."

ராசம்மாவிடமிருந்து இதற்குமேல் மன்னிப்பு எதிர்பார்ப்பவன் ராசம்மாவை அறியாதவன். சிவநந்தினி தீப்பெட்டியை வாங்கினாள். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவதை எடுத்தவள், உரசவில்லை. அண்ணாந்து பார்த்தாள். கூட்டமே அண்ணாந்து பார்த்தது. இலைக்குப் பின்னால் வெறும் வானம், அவ்வளவு நீலம்.

கற்பூரம் பற்றியது. முதல் கொழுந்தைக் கிள்ளிக் கையை உயர்த்தினாள்.

"பொலி!"

"பொலியோ பொலி!" என்று பெண்கள் போட்ட சத்தம் எதிர்மலை வரை போய்த் திரும்பி வந்தது. ஒரு குளவியும் வரவில்லை. கீழே ரோட்டில் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்த ரமணன் ஹோர்னை அழுத்தியவன் கையை எடுக்கவேயில்லை.

இப்போது அந்தத் தோட்டத்தில் புது வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. எந்த மலையில் பூசை என்றாலும், கற்பூரம் ஏற்றும் முன் எல்லாரும் ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார்கள். யாராவது மறந்தால் ராசம்மா வைவாள்.

பூசை நடந்த அன்று பின்னேரம் ரமணன் அடுப்படிக்குள் நுழைந்தபோது சிவநந்தினி வழிமறித்தாள். "தள்ளுங்க. நீங்க ஊத்துன தேத்தண்ணியிலதான் எனக்குப் பாதி வருத்தம்." சொல்லிவிட்டுத் தீக்குச்சியை உரசினாள். அடுப்பில் வைக்கும் முன், மற்றக் கையால் போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள். அதற்குள் நெருப்பு விரலைச் சுட்டு, ஐயோ என்று குச்சியை உதறினாள்.

மனுசர் வேண்டாம் என்றுதான் றஹீமா மிஸ் சொல்லியிருந்தாள். இருக்கட்டும். கொப்பியை எடுத்து அந்தப் படத்துக்கு எழுதினாள்: "இது என் கை. இதுல ஒரு குத்தமும் இல்ல."