பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்

எங்கள் குழந்தை டாக்டருக்குப் புதன்கிழமை மத்தியானம் வந்தால் வாய் சும்மா இருக்காது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் கிளினிக் வைத்திருக்கிறார். அங்கே பிள்ளையைக் காட்டுகிற எல்லா வீட்டாருக்கும் போனில் தன் குரலிலேயே பேசி அனுப்புவார். "எல்லாரும் சாப்ட்டாச்சா?" என்றுதான் ஆரம்பிக்கும். அப்புறம் நேரே விஷயம். "பிள்ளையக் குளிப்பாட்டிட்டு மூக்குல ஊதுதீங்களே, உங்க மூக்குல யாராவது ஊதுனா சும்மா இருப்பீங்களா?" "காதுல எண்ணெய் ஊத்தாதீங்க. எண்ணெய் தோசைக்கு ஊத்துங்க." இப்படி. முதலில் எல்லோரும் பதில் போடும்படிதான் அந்தக் குழுவை வைத்திருந்தார். விடிந்தால் ரோஜாப்பூ, காலை வணக்கம், திருச்செந்தூர் முருகன் படம் என்று ஆளாளுக்கு அனுப்பித் தள்ளியதில் வெறுத்துப்போய்த் தான் மட்டும் பேசுகிற மாதிரி மாற்றிவிட்டார். நல்ல காரியம் செய்தார்.

நான் பள்ளிக்கூடத்து டீச்சர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனைக் காதில் வைத்து அதைக் கேட்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு மாதிரி. கேட்டுச் சிரிப்பேன், வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொல்வேன். அவர் சிரிக்க மாட்டார். மூக்கில் ஊதுகிற ஆளே அவர்தான்.

அந்தப் புதன்கிழமை மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொன்னார்: "ஒரு வயசு தாண்டுன பிள்ளைங்க வீட்ல இருந்தா, இன்னைக்கு ஒரு சின்ன காரியம் செய்யுங்க. பிள்ளை விளையாடிக்கிட்டு இருக்கைல பைய பின்னால போயி, பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. கை தட்டாதீங்க, தொடாதீங்க. திரும்புதானான்னு பாருங்க. நாலஞ்சு தடவ கூப்பிட்டும் திரும்பலைன்னா என்ட்ட கூட்டிக்கிட்டு வாங்க. பக்கத்து வீட்ல சொல்லுததக் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க."

என் மகனுக்கு ஒரு வயது தாண்டிச் சில மாதம் ஆகியிருந்தது.

சாயந்தரம் அத்தை நெல்லையப்பர் கோயிலுக்குக் கிளம்பிப் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் இருக்கும்போது இந்தச் சோதனையெல்லாம் நடக்காது. பிள்ளைக்குக் குறை இருக்கிறதா என்று பார்ப்பதே குறையை வரவழைப்பது என்பது அவர் கட்சி. அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் பின்னால் போய் நின்றேன். அவன் தம்ளரையும் மூடியையும் வைத்துக்கொண்டு ஏதோ வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்னபடியே பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்போதும் இல்லை. வாசற்படியில் நின்றும் ஜன்னல் பக்கம் போய் நின்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். மூடியைத் தம்ளரில் பொருத்துவதிலேயே குறியாக இருந்தான். பொறுக்காமல் கையைத் தட்டிவிட்டேன். டக்கென்று திரும்பிச் சிரித்தான்.

அதுதான் என்னை ஒரேயடியாக உலுக்கிவிட்டது. காது கேட்காவிட்டால் அதற்கு ஒரு வழி உண்டு. காது கேட்டும் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகளைப் பற்றிப் போனில் தேடிப் படித்தேன். படித்திருக்கவே கூடாது. ஒவ்வொரு வரியிலும் என் பிள்ளையைத் தேட ஆரம்பித்துவிட்டேன். மின்விசிறியையே பார்க்கிறானே, அதனாலா? மூடியை மூடி மூடித் திறக்கிறானே, அதனாலா? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணவர் வந்ததும் சொன்னேன். "ஆம்பளப் பிள்ளைக எல்லாம் பையத்தான் திரும்பும்" என்றார். இவர் பெரிய ஆராய்ச்சி செய்த ஆள். "சரி, நீங்களே கூப்பிட்டுப் பாருங்க" என்றேன். பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். "காலைல பாத்துக்கிடலாம்" என்று சட்டையைக் கழற்றப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில், அவர் ஏன் கூப்பிடவில்லை என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போனேன். "ஊசிக்கு இன்னும் நாளு இருக்கேட்டி, இப்ப எதுக்கு?" என்று அத்தை வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

கிளினிக்கில் டிவி கிடையாது. அதற்குப் பதில் சுவரில் ஒரு கரும்பலகை. காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கம்பளியில் சுருட்டாதீர்கள் என்பது மாதிரி வாரத்துக்கு ஒன்று எழுதிப் போட்டிருப்பார்கள். எங்கள் முறை வந்து உள்ளே போனோம். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவனைத் தரைவிரிப்பில் உட்காரவைத்து மரக்கட்டைகள் கொடுத்தார். அத்தை மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவனுக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

பிள்ளை திரும்பவில்லை. அத்தை வெடுக்கென்று எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். இன்னொரு தடவை கூப்பிட்டார். அவன் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தான். அத்தை வாசல் பக்கம் பார்த்தார்.

"என்னம்மா இது, பேரன் திரும்ப மாட்டேங்கான், நீங்க திரும்புதீங்க?"

அத்தைக்கு முகமெல்லாம் வெட்கம். "அது அவுக பேரு டாக்டரம்மா" என்றார்.

எங்கள் பக்கத்தில் தலைச்சன் ஆண்பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயரைத்தான் வைப்பது. நான் கர்ப்பமாக இருக்கும்போது மாமா ஆஸ்பத்திரியில் தவறிப்போனார். அதனால் அந்தப் பெயரைத் தவிர வேறு பேச்சே எழவில்லை. பெயர் வைத்த அன்று மாமாவின் அக்காதான் பிள்ளையின் காதில் அதைச் சொன்னார். தம்பி பெயரைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதோடு சரி. அத்தை தாலி கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரை உச்சரித்தவர் இல்லை. அதே பெயரில் ஒரு மளிகைக்கடை உண்டு. அதைக்கூட 'கோயில் பக்கத்துக் கடை' என்பார். கணவருக்கோ அது பெற்ற தகப்பன் பெயர். அதைச் சொல்லிப் பிள்ளையை விரட்ட முடியுமா? நான் ஆரம்பத்தில் ஒருநாள், பால் குடிக்காமல் முரண்டு பிடித்தவனை அந்தப் பெயரோடு ஒரு 'லே'யும் சேர்த்து அதட்டிவிட்டேன். அத்தை அடுப்படியிலிருந்து வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றோடு நானும் 'தம்பி'க்கு மாறிவிட்டேன். நானும் இங்கே அந்தப் பெயரை எழுதப் போவதில்லை, பழகிவிட்டது.

டாக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். அத்தை கூப்பிடுவது "எய்யா ராசா". அவன் அப்பா கூப்பிடுவது "பெரியவரே". நான் "தம்பி". பக்கத்து வீட்டில் ஒருத்தர் "குட்டி" என்கிறார், இன்னொருத்தர் "கருவாப்பய" என்கிறார். டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "டீச்சர், ஸ்கூல்ல தெனமும் அட்டெண்டன்ஸ் எடுக்கீங்கல்லா? சொந்தப் பிள்ளைக்கு ஒருநாளு எடுத்துருக்கக் கூடாதா?"

என் மனசுக்குள் அவன் எப்போதும் அந்தப் பெயர்தான். தடுப்பூசி அட்டையில் பார்த்து, ஆதாருக்கு எழுதிக் கொடுத்து, எல்லாம் செய்திருக்கிறேன். அந்த ஒரு அதட்டலுக்கு அப்புறம் வாயால் கூப்பிட்டுப் பழக்கவே இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆனாலும் டாக்டர் அதோடு விட்டுவிடவில்லை. கட்டையை ஒளித்துவைத்து அவன் தேடுகிறானா என்று பார்த்தார், விரல் நீட்டிய பக்கம் பார்க்கிறானா என்று பார்த்தார். காதையும் மெஷினில் பார்த்துவிடச் சொன்னார். அன்றைக்கே பார்த்தோம், நன்றாகவே கேட்கிறது. "இதுவரைக்கும் எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல. ஆனா கூப்பிட்டா திரும்புததை நான் கண்ணால பாக்கணும்" என்றார். "இனிமே ஒரே பேரு. எந்தப் பேரா வேணா இருக்கட்டும், வீட்ல எல்லாரும் அதையே கூப்பிடுங்க. அடுத்த ஊசிக்கு வரும்போது பாப்போம். அப்பவும் திரும்பலைன்னா மேக்கொண்டு என்ன செய்யணுமோ செய்வோம். பயப்படாதீங்க, அதுக்காக சும்மாவும் இருக்காதீங்க."

பாதிப் பயம் போயிற்று. மீதிப் பாதி என்னோடு வீட்டுக்கு வந்தது.

ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். "தம்பின்னே வச்சுக்கிடுவோம்" என்றார் கணவர். தெருவில் யாராவது தம்பி என்று கூப்பிட்டால் அரை டஜன் பேர் திரும்புவார்கள், அது ஒரு பெயரா என்றேன். ராசா என்று வைத்துக்கொள்ளலாம் என்று நானே இறங்கியும் வந்தேன். அத்தைதான் தலையை ஆட்டினார். "பேரு இருக்கைல இன்னொரு பேரு எதுக்கு? அவுக பேரு மறைஞ்சு போவதுக்கா வச்சோம்? நீங்க ரெண்டு பேரும் கூப்பிடுங்க. நான் குறுக்க வரல."

குறுக்கே வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அவர் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். சோறு ஊட்டினார், குளிப்பாட்டினார், மடியில் போட்டுத் தூங்கவைத்தார். "எய்யா ராசா" மட்டும் இல்லை. பேர் குழம்பிப் போகக்கூடாதாம். பிள்ளை அவர் முகத்தையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு கிடந்தான்.

நாங்கள் இரண்டு பேரும் காலையில் கொஞ்ச நேரம், சாயந்தரம் கொஞ்ச நேரம் கூப்பிட்டோம். கணவர் கூச்சத்தோடு கூப்பிட்டார். மேலதிகாரியிடம் லீவு கேட்கிற குரல். பிள்ளை திரும்பவில்லை. பகலெல்லாம் அவனோடு இருக்கிறவர் அத்தை. அவர் வாயிலிருந்து வராத பெயர் அவனுக்கு எப்படிப் பதியும்? ஊசிக்கான நாள் நெருங்க நெருங்க எனக்குப் பழைய சந்தேகம் மறுபடியும் தலைதூக்கியது. ஒருவேளை பெயர்தான் காரணம் என்பது நாங்களாகச் சொல்லிக்கொண்ட சமாதானமோ? நிஜமாகவே வேறு ஏதாவது இருந்துவிட்டால்?

ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் கத்தியேவிட்டேன். "அத்தை, உங்களுக்கு உங்க பழக்கம் பெரிசா, பிள்ளை பெரிசா? போனவங்க பேரைச் சொன்னா என்ன ஆயிரும்?" அத்தை சோற்றுக்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க வகுப்பில் பிள்ளைகள் மேல் எரிந்து எரிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம்.

ஒரு வாரம் போயிருக்கும். தேர்வு நாள் என்பதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றும்போது உள்ளே இருந்து யாரோ மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். யாராவது சொந்தக்காரர் வந்திருக்கிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். அத்தை அடுக்களை நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பிள்ளை நடு வீட்டில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தன் தம்ளர் வியாபாரத்தில் இருந்தான். அத்தை மறுபடியும் கூப்பிட்டார். ரகசியம் சொல்கிற மாதிரி ஆரம்பித்து, கடைசி எழுத்தில்தான் குரல் தெளிந்தது. எத்தனை நாளாக நான் இல்லாத நேரத்தில் இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாரோ, தெரியாது.

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். திரும்பினான். அவரைப் பார்த்துச் சிரித்தான்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அத்தை, திரும்பிட்டான்! கண்ணத் திறந்து பாருங்க, திரும்பிட்டான்!" என்று உள்ளே ஓடினேன். அவன் தவழ்ந்துபோய் அவர் மடியில் ஏறிக்கொண்டான். அத்தை கண்ணைத் திறந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அழுதார். இத்தனை வருஷத்தில், மாமா போன அன்றைக்குக்கூட, நான் அவர் அப்படி அழுது பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரியில அன்னைக்கு அந்த நர்சுப் பிள்ளை சொல்லிச்சு" என்றார். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, கண்ணு முழிக்காங்களான்னு பாப்போம்னு. என்னால முடியலட்டி. நான் என்னங்க, என்னங்கன்னே கூப்பிட்டுக்கிட்டு நின்னேன். அங்கன எல்லாக் கட்டில்லயும் ஒருத்தி நின்னு என்னங்க என்னங்கன்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. கூப்பிடுதது நான்தான்னு அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைக்கு அழுகை பிடிக்கவில்லை; மடியை விட்டு இறங்கித் தன் தம்ளரைப் பார்க்கப் போனான். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை கண்ணைத் திறந்தபடியே, மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பிள்ளை திரும்பிப் பார்த்தான்.