பதினோரு முறை அடித்த மணி

கனெக்டிகட்டில் கடிகாரம் செய்து பிழைத்த ஆசகேல் பிளம், கம்பியில் மின்சாரம் ஓடவிட்டு மறுமுனையில் மணி அடிக்கவைத்தவன். பதினான்கு வருஷம் கழித்து நியூயார்க் கம்பெனி ஒன்று அதே மணியைத் தந்தி ஆபீசுகளில் மாட்டிவிட்டு, 1837 மார்ச்சில் தங்கள் ஆள்தான் முதலில் செய்தான் என்றது. அதற்கு முன்பே தன் மணி அடித்ததென்று ஆசகேல் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையும் போய்விடும்.

வழக்காடுகிறவனும் அவன் மனைவியும் சாட்சி சொல்லக் கூடாதென்பது சட்டம். மிச்சமிருந்தது பக்கத்து வீட்டு விதவை ஹல்டாதான். மணியைப் பற்றி மட்டும் சொன்னால் போதுமென்று ஆசகேல் போன வாரமே அவளிடம் கெஞ்சிப் பார்த்தான். பைபிள்மேல் கை வைத்தால் பாதி சொல்லி நிறுத்தமாட்டேன் என்றுவிட்டாள்.

சனிக்கிழமை வக்கீல் கிரிஸ்வோல்ட் ஆசகேல் வீட்டுச் சமையலறையிலேயே ஒத்திகையை ஆரம்பித்தார். ஆசகேலின் மனைவி கெசையா அடுப்பருகே, அவரைக்கொட்டைச் சட்டியோடு நின்றாள். தேதி எப்படி நினைவிருக்கிறது என்று ஹல்டாவிடம் கேட்டார் வக்கீல்.

"லவீனா செத்த நாளாச்சே, மறக்குமா? பிப்ரவரி ஒம்பது."

அன்று கெசையா பனியில் டாக்டரைத் தேடிப் போயிருந்தாள். மாடியில் குழந்தை லவீனாவுக்குத் துணை ஹல்டா. படுக்கையருகே இருந்த விசையிலிருந்து முற்றம் தாண்டிப் பட்டறை மணிவரை கம்பி போட்டிருந்தான் ஆசகேல், பிள்ளை வேண்டும்போது அவனைக் கூப்பிட. மகள் தன் கையைப் பிடித்தபடியே போனாள் என்றுதான் கெசையாவிடம் சொல்லியிருந்தான்.

"மூச்சு முட்டுது அவளுக்கு. விசையை அழுத்துறா, அழுத்துறா. மணிச் சத்தம் மாடிவரைக்கும் கேக்குது. இவன் வரல. பதினொண்ணு எண்ணினேன். அதுக்கப்புறம் அவ அழுத்தல. நான் ஓடிப்போய்ப் பாத்தா, குனிஞ்சு எழுதிக்கிட்டு இருக்கான்."

வக்கீல் ஆசகேலின் பழைய நோட்டைப் புரட்டி விரலை வைத்தார். '1837 பிப்ரவரி 9. பதினோரு அடி. ஒன்றும் தவறவில்லை.'

"எண்ணிக்கைகூட ஒத்துப்போகுது. ஜெயிச்சாச்சு, பிளம்."

கெசையா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எழுதி முடிச்சிட்டுத்தான் வந்தீங்களா?"

வக்கீல் நோட்டிலிருந்து தலை நிமிராமலே சமாதானம் சொன்னார்.

"அதையெல்லாம் கோர்ட்டுல கேக்க மாட்டாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வாயத் திறக்கவே வேண்டியதில்ல."

கெசையா சட்டியைத் திறந்தாள். வக்கீலுக்கு வைத்தாள், ஹல்டாவுக்கு வைத்தாள். அவன் தட்டிலும் வைத்தாள், எப்போதும் வைக்கும் அளவுதான்.