நிறுத்தாத சுவிட்ச்

ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கோட்டை அழிக்கிற பட்டனை அமுக்க எனக்கு இன்னும் சட்டென்று கை வராது. எல்லாம் மேடவாக்கத்தால் வந்த வினை.

அப்போது மொபைல் கம்பெனியில் வேலை. எங்கே போன் கால் கட்டானாலும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காற்றில் போகிற சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டும். கனத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். மேடவாக்கத்தில் ஒரு தெருவே கொதித்துப்போயிருந்தது. டவர் ஃபுல்லாகக் காட்டுகிறது, பேசினால் போகவில்லை என்று ஆளாளுக்கு வசவு. சம்பளமே வசவு வாங்கத்தான்.

திரையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எங்கள் சிக்னல் இருநூறு கிலோஹெர்ட்ஸ் அகலம், வைத்த இடத்தில் நிற்கும். இது அதைவிடப் பல மடங்கு அகலம், குடிகாரன் மாதிரி தள்ளாடியது. மொட்டைமாடி டிவி ஆன்டெனாவில் மாட்டுகிற பூஸ்டர் கெட்டுப்போனால் இப்படித்தான் ஆடும். கோடு உயர்ந்த பக்கமாக நடந்துபோனால், முதலில் புகார் கொடுத்த அம்மாவின் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியது.

"நம்ம வீடா? ஆன்டெனாவை விட்டுட்டு ஹால்ல கேபிள் போட்டே எவ்ளோ நாளாச்சு தம்பி," என்றார். தனியாக இருந்தார். ஒரே மகன் சவுதியில். "அவன் பேசறது எனக்குக் கேக்குது. நான் பேசறதுதான் அவனுக்குப் போகல."

பூட்டியிருந்த ரூமைத் திறந்தார். கட்டில், பழைய டிவி, சுவரோரம் பூஸ்டர் அடாப்டரின் சிவப்பு லைட். இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி இருந்தது. எனக்கு உள்ளே கால் வைக்கவே கூச்சமாகிவிட்டது.

"எங்க வீட்டுக்காரங்க மௌத்தான அன்னைக்குக் காலைல நியூஸ் பார்க்கப் போட்டது. பையனால அடக்கத்துக்கு வர முடியல. அத்தா கையால போட்ட சுவிட்சும்மா, நிறுத்திடாதேன்னு அழுதான். நானும் தொடல."

"அதுதாம்மா உங்க பேச்சை அவருக்குப் போகவிடாம பண்ணுது," என்றேன். சொல்லாமலே திரும்பியிருக்கலாம்.

அந்த லைட்டைப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்துவிட்டு சுவிட்சை அணைத்தார்.

தள்ளாடிய கோடு அடங்கியது. ஆனால் மேக்ஸ் ஹோல்டு போட்டிருந்தேன். வந்துபோன சிக்னலின் உச்சத்தை நாமாக அழிக்கிறவரை மஞ்சளாகப் பிடித்து வைத்திருக்கும். அந்த மேடு மட்டும் அப்படியே நின்றது.

"நிறுத்திட்டேனே, இது என்ன?"

"இவ்ளோ நேரம் இருந்ததோட தடம்மா. நான் அழிக்கிறவரைக்கும் நிக்கும்."

நான் சாமான்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே மகனின் போன் வந்தது. சாப்பாடு, வெயில் என்று பேச்சு ஓடியது, கட்டாகவே இல்லை. அவன் குரல் எனக்கே கேட்டது.

"இன்னைக்கு நல்லா கேக்குதும்மா. அத்தா ரூம்ல லைட் எரியுதா?"

அவர் என் திரையைப் பார்த்தார்.

"எரியுதுடா," என்றார்.

கோட்டை அழிக்கப் பட்டன்மேல் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டேன். பெட்டியின் பேட்டரி தீர்ந்து திரை அணைகிறவரை அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.