மூன்று நாள் பிந்திய பிரதோஷம்

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் ப்ரூஃப் பார்க்கிறேன். அமாவாசை, பிரதோஷம், ராகு காலம் எல்லாம் நான் சரியென்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினுக்குப் போகும். ஊருக்கே நாள் பார்த்துக் கொடுக்கிற எனக்கு எழுத ஒரு நாள் வாய்க்கவில்லை. நாவல் என்று சொல்லிக்கொண்டு நாலு வருஷத்தில் பதினோரு பக்கம். வெட்கக்கேடு.

தை பிறந்ததும் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில், காலையில் முந்தின நாள் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கம் நிறைய எழுத வேண்டும். எழுத முடியாத அன்றைக்குக் கிழிக்கவே கூடாது. உள்ளங்கை அகலத் தாள்தானே, இதுகூடவா முடியாது? முடிந்தது. எழுதிய தாள்களைப் போட்டு வைத்த மிட்டாய் டப்பா நிறைந்துகொண்டு வந்தது.

ஐப்பசியில் காலண்டர் சீசன் கழுத்தைப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. சோறு பொங்கி டிபன் கட்டிக் கம்பெனி வேனுக்கு ஓடவே சரியாக இருந்தது. மூன்று நாள் தாளைத் தொடவில்லை. வீட்டுக்காரர் போனில் தேதி பார்க்கிற ஆள், கவனிக்கவே இல்லை.

காரியாபட்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்தார். மறுநாள், நான் வேலைக்குப் போனபின் சுவரைப் பார்த்திருக்கிறார். பிரதோஷம் என்றிருந்தது. பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்து, சாயங்காலம் பால் செம்போடு கோயிலுக்குப் போனால் நந்தி பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. பிரதோஷம் முடிந்து மூன்று நாளாச்சே என்று பூக்காரம்மா சிரித்திருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்தபோது மாமியார் அந்தப் பாலைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார். காலண்டர் கம்பெனிக்காரி வீட்டிலேயே நாள் தப்பா என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. சட்டத்தைச் சொன்னேன், டப்பாவையும் திறந்து காட்டினேன். இனி எழுத்தும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். எனக்கென்று இருந்தது அந்த டப்பா ஒன்றுதான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு தாள் படித்தார். டப்பாவை மூடி என்னிடமே கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.

விடிந்து அடுப்படிக்குப் போனால் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பையை எடுக்கப் போனேன், மாமியார் என் கையைத் தட்டிவிட்டார்.

“சோத்த நான் பாத்துக்கிறேன். நீ அங்கன போய் ஒக்காந்து எழுது. எனக்கு இன்னைக்கு என்ன தேதின்னு தெரிஞ்சாகணும்.”

பிரதோஷத் தாளோடு சேர்த்து நாலு தாளையும் கிழித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். வேன் போய்விட்டது, பஸ்ஸில்தான் போனேன். சீசன் இன்னும் முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேதி பிந்தியதில்லை.