லாக்கர் எதற்கு, அவர் இருக்கிறாரே

பஸ் டெப்போவில் டூட்டி போடுகிறவரை யாரும் நல்ல மனுஷர் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அதிகாலை டூட்டி விழுந்த டிரைவர் அவரைச் சபிப்பார். கடைசி பஸ் டூட்டி விழுந்தவர் அவர் குடும்பத்தையும் சேர்த்துச் சபிப்பார். நடுப்பகல் டூட்டி கிடைத்தவர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அது தன் தகுதிக்குத் தானாக வந்தது என்று நினைத்துக்கொள்வார். இந்தப் பாவப்பட்ட நாற்காலியில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்தவருக்கு டெப்போவில் டூட்டியார் என்று பெயர். அது மரியாதையா கிண்டலா என்று அவர் விசாரித்ததில்லை. விசாரித்தால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும்.

டீசல் பம்புக்கும் கழிப்பறைக்கும் நடுவில் அவர் அறை. சுவரில் தலை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். நாள் முழுக்க அதில் தலைகள் நுழையும். ஒரு தலைக்கு முதுகு வலி, ஒரு தலைக்கு மாமியார் சாவு. அதே மாமியார் போன வருஷமும் செத்திருந்தார். டூட்டியார் இரண்டாவது தடவையும் லீவு கொடுத்து, துக்கமும் விசாரித்தார். வந்தவனுக்கே கொஞ்சம் கண் கலங்கிவிட்டது.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பது வெளியாட்களின் கற்பனை. அவர் வீட்டில் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் ஒரு பனிச்சறுக்குப் பயணம் நடக்கும். போவது ஆறு பேர். திட்டம் போடுவது ஒருவர். "ஒரு ஊரோட பஸ்ஸையே ஓட்டறவருக்கு நம்ம ஆறு பேரை ஓட்டறது பெரிய விஷயமா?" என்று மனைவி என்றைக்கோ சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அது சட்டம்.

இந்த வருஷக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு ஹாலில் கூடியது. மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், மனைவியின் தம்பி, டூட்டியாரின் தங்கை, தங்கையின் வீட்டுக்காரர். சோபா மூன்று பேருக்கானது. அதில் மச்சினன் ஒருவனே படுத்திருந்தான்.

"அத்தான், இந்தத் தடவை மலை மேலேயே ரூம் போட்டுடலாம். காலையில கதவைத் திறந்தா அப்படியே சறுக்கிட்டுப் போயிடலாம்."

"கதவைத் திறந்தா பில்லும் உள்ள வரும்டா," என்றாள் அவன் அக்கா.

"கீழ டவுன்ல தங்கினா பாதி வாடகைதான் மச்சான்," என்றார் தங்கை வீட்டுக்காரர். "பள்ளிக்கூட லீவு முடிஞ்சதுக்கப்புறம் போனா அதுலயும் பாதி. மேல போறதுக்கு பஸ் இருக்கு. பஸ் நமக்கென்ன புதுசா?"

இதெல்லாம் டூட்டியார் போன மாசமே விசாரித்து வைத்திருந்தார். சறுக்குப் பலகையும் பூட்ஸும் டவுன் கடையிலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டால் மலிவு, மதியத்துக்கு ரொட்டியும் முட்டையும் கையோடு கொண்டுபோனால் மலைமேல் ஓட்டல்காரன் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்பதுவரை. அவருக்குத் தலைவலி செலவில் இல்லை, தகுதியில் இருந்தது. மலையில் பாதைகளுக்கு நிறம் உண்டு: பச்சை சுலபம், நீலம் பரவாயில்லை, சிவப்பு கஷ்டம், கறுப்பு கர்வம். புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கீழ்ச் சரிவுக்கு மட்டும் சல்லிசாக டிக்கெட் உண்டு. முழு மலைக்கும் டிக்கெட் என்றால் விலையும் மலைதான். ஆகவே யார் யாருக்கு என்ன வரும் என்று உண்மையைச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் அது நடக்கிற காரியமா?

"நான் சிவப்பு, அத்தான். அவசியம்னா கறுப்பு."

போன வருஷம் மச்சினன் சிவப்புப் பாதையின் பெரும்பகுதியை உட்கார்ந்தபடியே இறங்கி வந்ததை டூட்டியார் கீழே பெஞ்சிலிருந்து பார்த்திருந்தார். சொல்லவில்லை. சொன்னால் ஒரு டிக்கெட் காசு மிச்சமாகும். கோடைவரைக்கும் வீட்டில் பேச்சு இருக்காது.

"எனக்கும் முழு மலை போட்டுடுங்க மச்சான். நிறைய வீடியோ பாத்து வெச்சிருக்கேன்," என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"வீடியோல நல்லாத்தான் சறுக்குவாரு," என்றாள் தங்கை. அவள் எல்லா வருஷமும் முதல் நாளிலிருந்து ஆரம்பிப்பவள். டூட்டியாரின் மனைவிக்கு நீலம். மேலிருந்து கீழ்வரை அலறிக்கொண்டே வருவாள். கீழே வந்ததும் "இன்னொரு தடவை" என்பாள். உண்மையில் சறுக்கத் தெரிந்த ஒரே ஆள் மகள். "எது வேணா போடுப்பா," என்று சொல்லிவிட்டு அவள் போனில் மூழ்கினாள்.

டூட்டியாரின் தகுதியை யாரும் கேட்கவில்லை. அவர் எந்த நிறத்திலும் சேர்த்தியில்லை. அவர் பெஞ்ச்.

ஆட்களை மலைமேல் தூக்கிப்போகும் லிஃப்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், குப்பைத்தொட்டியை ஒட்டி, ஒரு மரப் பெஞ்ச் உண்டு. முதல் வருஷம் பைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது அவர் அதில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் அவரை எழுப்பவில்லை. ஆறு பையும் டீ பிளாஸ்க்கும் உரித்த முட்டையும் அவருடைய காவலில். டெப்போவில் இதற்கு ஸ்பேர் டூட்டி என்று பெயர். யூனிஃபாரம் போட்டுக்கொண்டு நாள் பூரா உட்கார வேண்டும், வேறொருவர் வராவிட்டால் வண்டி எடுக்க வேண்டும். ஸ்பேருக்காவது என்றைக்காவது வண்டி கிடைக்கும்.

போன குளிர்காலத்தில் அந்தப் பெஞ்சில் கால் விரைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, எதிரே கீழ்ச் சரிவில் ஒரு கிழவரைப் பார்த்தார். தன்னைவிட மூத்தவர், முதுகு வேறு வளைந்திருந்தது. ஒரு வராந்தா நீளம் சறுக்கி வந்து நின்றார். நின்றவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் டூட்டியார் அவரையே பார்த்துக்கொண்டு அன்றைக்கு ஊற்றிய டீ எல்லாம் வெளியே சிந்தியது. முழங்காலைக் காட்டியபோது டாக்டர், "ஏதாவது விளையாட ஆசை இருந்தா இந்த வருஷமே ஆடிருங்க," என்று வேறு சொல்லியிருந்தார்.

"இந்த வருஷம் ஒரு லாக்கர் எடுத்துடலாமா?" என்று டூட்டியார் மெதுவாகக் கேட்டார்.

மச்சினன் சோபாவில் எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

"லாக்கரா? எதுக்கு?"

"பையெல்லாம் வைக்க."

"அதான் நீங்க இருக்கீங்களே," என்றாள் மனைவி. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வீட்டில் துடைப்பம் இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்கிற அதே குரல்.

"லாக்கர் டீ ஊத்திக் கொடுக்குமாண்ணே?" என்றாள் தங்கை.

"அதோட, எங்க சந்திக்கிறதுன்னு ஒரு இடம் வேணும்ல," என்றான் மச்சினன். "ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ. அத்தான் உக்காந்திருக்கிற இடம்தான் நமக்கு இடம்."

"நான் ஒரு வகுப்புக்குச் சொல்லி வெச்சிருக்கேன்," என்றார் டூட்டியார் தரையைப் பார்த்துக்கொண்டு. "புதுசா கத்துக்கிறவங்களுக்கு. பதினோரு மணிக்கு. என் ஓவர்டைம் காசுலதான்."

"இந்த வயசுலயா மச்சான்?" என்று வியந்தார் தங்கை வீட்டுக்காரர். அவர் டூட்டியாரைவிட மூத்தவர்.

மகள் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "சூப்பர்ப்பா. அப்ப பெஞ்சுல ஆளுக்குக் கொஞ்ச நேரம் உக்காந்தா போச்சு."

லாக்கருக்குக் காசு கொடுப்பதைவிட இது மலிவு என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டூட்டியார் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரையும் சேர்த்து ஒரு டூட்டி போட்டார்.

அடுத்த நாளே மாற்றல் மனுக்கள் ஆரம்பித்தன. தங்கைக்கு இடுப்பு, மரப் பெஞ்சில் உட்காரக் கூடாதாம், பனியில் மட்டும் விழலாமாம். தங்கை வீட்டுக்காரருக்குக் காலைப் பனிதான் சறுக்க நல்லது என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். மனைவி மகளோடு மாற்றிக்கொண்டாள், மகள் மாமனோடு மாற்றிக்கொண்டாள், மாமன் யாரோடு மாற்றிக்கொண்டான் என்பது அவனுக்கே தெரியவில்லை. டெப்போ ஜன்னலில் நுழைந்த அதே தலைகள்தான். சொந்தக்காரர்கள் என்பதால் துக்கம் விசாரிக்க வேண்டியதில்லை, அவ்வளவே. எல்லாம் ஓய்ந்தபோது காலை முழுக்கப் பெஞ்ச் டூட்டியார் தலையில் இருந்தது. பதினோரு மணிக்கு அவரை விடுவிக்க வேண்டியவன் மச்சினன். "அத்தான், நான் வராம போவேனா?" என்று அவன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னபோதே டூட்டியாருக்குக் களைப்பாக இருந்தது.

பயணம் போன அன்றைக்கு வெயிலும் பனியுமாக மலை நன்றாகத்தான் இருந்தது. ஐந்து பேரும், பிடிவாதமாக முழு மலை டிக்கெட் வாங்கிய தங்கை உட்பட, லிஃப்டில் ஏறிப் போனார்கள். டூட்டியார் வாடகைப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பலகைகளைச் சாய்த்து வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார். பூட்ஸ் காலைக் கவ்வியது. எதிரே கீழ்ச் சரிவில் சிவப்பு ஜாக்கெட் போட்ட ஆசிரியை ஒருத்தி ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். மச்சினனைக் காணோம். போன் போட்டார்.

"இதோ அத்தான், லிஃப்ட்லதான் இருக்கேன். ஒரே ஒரு ரவுண்டு."

"மேல போற லிஃப்டாடா?"

காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

மாற்று ஆள் வராமல் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது டெப்போ விதி. எத்தனையோ டிரைவர்களிடம் அவர் அதைச் சொல்லியிருக்கிறார், பசியென்று நின்றவனிடம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றவனிடம்கூட. இப்போது அதே விதி அவர் மடியில் ஆறு பையாக உட்கார்ந்திருந்தது. ஆசிரியை தலைகளை எண்ணினாள். ஒரு தலை குறைகிறது என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். டூட்டியார் கையைத் தூக்கப் போய், இறக்கிக்கொண்டார். பழைய பழக்கத்தில் விதியை மனசுக்குள் இன்னொரு தடவை படித்தார். வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்றுதான் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

முதுகில் இரண்டு, மார்பில் ஒன்று, தோளுக்கு ஒன்றாக இரண்டு, கழுத்தில் ரொட்டிப் பை, கக்கத்தில் பலகைகள். அந்தப் பூட்ஸில் நடப்பது சிமெண்டில் கால் வைத்தவன் நடப்பதுபோல. மூட்டை தூக்கி வந்தவரை வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்னங்க இதெல்லாம்?" என்றாள் ஆசிரியை.

"குடும்பம்," என்றார் டூட்டியார் மூச்சிரைக்க.

அவள் சிரிக்கவில்லை, தொழில் தெரிந்தவள். பைகளை வாங்கிச் சரிவில் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வைத்தாள். "நல்லதாப் போச்சு. எல்லாரும் இதைச் சுத்தித் திரும்பிப் பழகுங்க."

ஆக, டூட்டியார் பனிச்சறுக்கு கற்றது சொந்தபந்தங்களைச் சுற்றித்தான். மனைவியின் பையைச் சுற்றி ஒழுங்காகத் திரும்பினார். அதில் அனுபவம் இருந்தது. தங்கையின் பைமேல் விழுந்தார். மச்சினன் பையை இரண்டு தடவை இடித்தார். இரண்டாவது தடவை தவறுதலாக இல்லை.

சாப்பாட்டு நேரத்துக்குக் குடும்பம் இறங்கி வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. அவர்கள் பெஞ்சுக்கு அடியில் பார்த்தார்கள். குப்பைத்தொட்டிக்குப் பின்னாலும் பார்த்தார்கள்.

"இங்கதானே வெச்சிட்டுப் போனோம்?" என்றான் மச்சினன்.

"எங்கப்பா என்ன குடையா?" என்றாள் மகள். அவள்தான் முதலில் சரிவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலிருந்து டூட்டியார் வந்துகொண்டிருந்தார். கைகள் இரண்டும் முன்னால் நீட்டியிருந்தன, யாருக்கோ தட்டில் டீ கொண்டுபோவதுபோல. வேகம் ஒன்றும் பெரிதில்லை, நடந்து போகிறவன் முந்திவிடலாம்.

"ஏங்க! நில்லுங்க! நாங்க இங்க இருக்கோம்!" என்று மனைவி கத்தினாள்.

நிற்பது எப்படி என்று ஆசிரியை முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த நேரத்தில் டூட்டியார் பைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். ஆகவே நிற்கவில்லை. குடும்பத்தை ஒவ்வொருவராகத் தாண்டிப்போய், சரிவு தானாக முடிகிற இடத்தில், பொறுமையாகச் சாய்ந்து விழுந்தார். சிரிக்கலாம் என்று நினைத்தார். அந்தக் கிழவர் சிரித்ததுபோல வரவில்லை. மூச்சு வாங்கியது, முழங்கால் டாக்டர் பேச்சை நினைவூட்டியது, உடம்பில் வலிக்காத இடம் காதுதான். இருந்தாலும் வானத்தைப் பார்த்தபடி கொஞ்சம் படுத்தே கிடந்தார்.

மச்சினன் குனிந்து பார்த்தான். "அத்தான், ஒண்ணும் ஆகலையே? பிளாஸ்க் எங்க இருக்கு?"

"மேல. அக்கா பைக்கு அடுத்த பையில."

"சரி அத்தான்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். அவரும் படுத்தபடியே இருந்தார்.

"போய் எடுத்துக்கோடா," என்றார் டூட்டியார். "எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா. சூடு ஆறிடப் போகுது."

அவன் பனியில் கால் புதையப் புதைய மேலே ஏறினான். டூட்டியார் மெல்ல எழுந்து, கழன்று போயிருந்த ஒரு பலகையைத் தேடிப் பிடித்து, மறுபடி மேலே போகிறவர்களின் வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஏழெட்டுக் குழந்தைகள் நின்றன. யாருக்கு எந்த டூட்டி என்று அங்கே அவரை ஒருவரும் கேட்கவில்லை.