வராண்டாவில் செய்த பொருத்தனை

என் மகளை விரியன் கடிச்சப்ப காலையில ஏழு மணி இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் உருவப் போனவ, "அம்மா, காலுல ஏதோ குத்துச்சும்மா"ன்னு வந்து நின்னா. கணுக்கால்ல ரெண்டு பொட்டு ரத்தம். என் வீட்டுக்காரர் வைக்கோல் போருக்கு ஓடிப் பார்த்துட்டு வந்தார். "விரியன் பாம்புடி"ன்னார்.

என் பேரு எஸ்தர். சாலவாக்கம் பக்கம் எங்க ஊரு. ஜெபா எங்களுக்கு ஒரே பிள்ளை. அப்ப ஒன்பது வயசு. பைக்குல நடுவுல உட்கார வச்சு உத்திரமேரூருக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டு, ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. போற வழியிலேயே பிள்ளைக்கு ஈறுல ரத்தம் கசிஞ்சுது.

ரெண்டாம் நாள் மூத்திரம் நின்னுபோச்சு. கிட்னி வேலை செய்யலன்னு டயாலிசிஸ் வச்சாங்க. நாலாம் நாள் டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, "முடிஞ்சதெல்லாம் பண்றோம்மா. மனசைத் திடப்படுத்திக்குங்க"ன்னாங்க.

வராண்டாவுல அப்படியே உட்கார்ந்துட்டேன். ஜெபம் பண்ண வாயைத் திறந்தா வார்த்தை வரல. கன்னியம்மாக்கா முகம்தான் வந்துச்சு.

அதைச் சொல்லியே ஆகணும். அவங்க எங்க ஊர்க்கோடியில இருக்கிற இருளர் குடும்பம். என்கூட நடவுக்கு வருவாங்க. அஞ்சு மாசத்துக்கு முன்ன என் கம்மல் காணாமப் போச்சு. அன்னைக்கு வீட்டுக்குள்ள வந்து தண்ணி குடிச்சது அவங்க மட்டும்தான். நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரையில, அத்தனை பேர் முன்னால அவங்களைத் திருடின்னு கத்தினேன். அப்புறம் யாரும் அவங்களை நடவுக்குக் கூப்பிடல. பத்து நாள் கழிச்சு கம்மல் என் பழைய புடவை மடிப்புல கிடைச்சுது. மறைச்சு வச்சேன். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. ஞாயித்துக்கிழமை தவறாம சபைக்கு மட்டும் போனேன்.

"ஆண்டவரே, பிள்ளை என்ன பண்ணா? ஜெபா பிழைச்சா, அதே ஏரிக்கரையில அதே ஜனங்க முன்னால உண்மையைச் சொல்றேன்." அந்த வராண்டாவுல இப்படிப் பொருத்தனை பண்ணேன்.

மறுநாள் சாயங்காலம் குழாய்ல கொஞ்சம் மூத்திரம் இறங்குச்சு. நர்ஸம்மா பையைத் தூக்கிக் காட்டினாங்க. சத்தம் போட்டு அழுதேன். இருபதாம் நாள் ஜெபா நொண்டிக்கினே வூடு வந்து சேர்ந்தா.

நான் சொன்னபடி செஞ்சேனா? இல்ல. அடுத்த வாரம் சொல்லலாம், அறுப்பு முடியட்டும்னு மூணு மாசம் தள்ளிக்கினே போனேன். கன்னியம்மாக்கா எதிர்ல வந்தா வேற பக்கம் திரும்பிடுவேன். சோறு இறங்கல. பிள்ளை சிரிச்சாக்கூட, ஆண்டவர் திரும்ப எடுத்துக்குவாரோன்னு பயமா இருந்துச்சு.

ஒரு ஞாயிறு போதகர் வேதத்துல வர்ற அன்னாளைப் பத்திப் பேசினார். அழுது கேட்டு வாங்கின பிள்ளையை, பால் மறந்ததும் சொன்ன சொல்படி ஆலயத்துல கொண்டுபோய் விட்டவ. அவ பெத்த பிள்ளையையே குடுத்தா. நான் குடுக்க வேண்டியது வெறும் ஒரு பேச்சு. அன்னைக்குச் சபையில குடுத்த இராப்போஜன அப்பத்துக்குக் கை நீட்ட முடியல. "ஆண்டவரே, எனக்குத் துணிச்சல் இல்ல. நீங்களே இழுத்துக்கினு போங்க"ன்னு கெஞ்சினேன்.

மறுநாள் கன்னியம்மாக்கா வூட்டாண்ட போய் நின்னேன்.

"இன்னா எஸ்தரு, இப்ப இன்னா காணாம பூட்ச்சு?"

கால்ல விழுந்து எல்லாத்தையும் சொன்னேன். அப்புறம், "இங்க சொல்லி இன்னா? அன்னிக்கு ஊரே கேட்டுக்கினு இருந்துச்சே, அங்க வந்து சொல்லு"ன்னாங்க.

"அதுக்குத்தான்க்கா வந்தேன். கூட வாங்க."

ஏரிக்கரையில மம்மட்டியும் கூடையுமா எல்லாரும் இருந்தாங்க. "ஏசப்பா"ன்னேன். எப்படியோ குரல் வந்துச்சு. "கன்னியம்மாக்கா திருடல. கம்மல் என் வீட்டுலதான் இருந்துச்சு. தெரிஞ்சும் மறைச்சவ நான்."

சிலர் காறித் துப்பினாங்க. வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்கிட்ட பேசல. கன்னியம்மாக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாங்க. மன்னிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. ஆனா அந்த வாரமே ஊர்க்காரங்க அவங்களை நடவுக்கு வீடு தேடிப் போய்க் கூப்பிட்டாங்க. எனக்கு அது போதும்.

பிள்ளைங்களே, பெரியவங்களே, இக்கட்டுல ஆண்டவர்கிட்ட நீங்களும் ஏதாவது சொல்லியிருப்பீங்க. இன்னைக்கே போய்ச் செஞ்சுடுங்க. பயமா இருந்தா, அந்தத் தைரியத்தையும் அவர்கிட்டயே கேளுங்க. அந்த மூணு மாசமும் நான் சொல் தவறினவளாத்தான் இருந்தேன். ஆனாலும் அவர் என் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கவே இல்ல.