பேசாமல் தொட்டுப் போன பன்னிரண்டு பேர்

குழந்தைகள் வார்டில் பாடம் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வரும் டியூட்டர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். கோபக்காரி, வாயைத் திறந்தால் பட்டாசு. பொய்யில்லை. அந்தக் கோபத்தாலும், என் ஒழுங்குமுறை மேல் எனக்கிருந்த கர்வத்தாலும் ஒரு குழந்தையை எமன் கையில் கொடுக்கப் பார்த்தேன். நான் செய்த நல்ல காரியங்களை எழுதுவதைவிட இதை எழுதுவதுதான் உங்களுக்கு உபயோகம்.

1. நான் போட்ட சட்டம்

சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. மைசூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு டியூட்டர் வேலை. வயது இருபத்தாறு. எனக்கு மேலே இருந்தவர் புரொபசர். வார்டில் எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் க்ளினிக்ஸ். அதாவது மாணவர்களைக் கட்டிலருகே நிறுத்தி, நிஜ நோயாளியை வைத்துப் பாடம் நடத்துவது.

நான் சேர்ந்தபோது அந்த க்ளினிக்ஸ் சந்தைக்கடையாக இருந்தது. மாணவர்கள் பன்னிரண்டு பேரும் கட்டிலைச் சுற்றி மொய்ப்பார்கள். ஒருவன் காலை இழுப்பான், ஒருவன் ஜில்லென்ற ஸ்டெத்தை நெஞ்சில் வைப்பான். குழந்தை வீலென்று கத்தும். கத்துகிற குழந்தையின் நெஞ்சில் என்ன கேட்கும்? ஒரு மண்ணும் கேட்காது. போதாக்குறைக்கு, தாயின் தலைக்கு மேலேயே இது தேறுமா தேறாதா என்று விவாதம் வேறு.

நான் சட்டம் போட்டேன். கையைக் கழுவி, தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு வரவேண்டும். வரிசையில் ஒவ்வொருவராக வரவேண்டும். ஒரு நிமிஷம், மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர வேண்டும். கட்டிலருகே யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கேள்வி, பதில், சந்தேகம் எல்லாம் பக்கத்து அறையில். மீறினால் வெளியே போ.

குழந்தைகள் அழுவது பாதியாகக் குறைந்தது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "பேஷ்! கோவிலாட்டம் இருக்கும்மா உன் வார்டு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மாதிரி க்ளினிக்ஸ் நடத்த இந்த ஊரில் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

2. ஏழாம் நம்பர் கட்டில்

அந்தக் கட்டிலில் மயிலா என்று நாலு வயதுப் பெண் குழந்தை. ஹனூர்ப் பக்கம் ஒரு கிராமம். அந்தப் பிரதேசம் அப்போது மதராஸோடு சேர்ந்தது. என்றாலும், பெரிய வியாதி என்றால் அங்கிருந்து மைசூருக்குத்தான் வருவார்கள். தாய் மாதம்மாள், கூலி வேலை செய்கிறவள். புருஷன் இன்னும் இரண்டு குழந்தைகளோடு ஊரில் இருந்தான்.

மயிலாவுக்கு நிமோனியா முற்றி எம்பையீமா ஆகியிருந்தது. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிக்கொள்வது. வலது பக்கம் முழுக்கச் சீழ். நெஞ்சில் விரல் வைத்துத் தட்டினால் காற்றுள்ள இடம் கணீரென்று கேட்கும், சீழுள்ள இடம் மரக்கட்டையைத் தட்டினாற்போல் மந்தமாகக் கேட்கும். இதைத்தான் டல்னெஸ் என்போம். பெனிசிலின் ஊசி போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் பெரிய ஊசியால் சீழை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் நாள் ஜுரம் இறங்கியது. குழந்தை பிழைத்துவிடும் என்று எங்களுக்கு நிச்சயமாகிவிட்டது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் மறுபடி சீழ் கட்டும், அப்புறம் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அன்று மத்தியானம் பெரிய டாக்டர் வேகமாக வந்தார். "பசங்களை உடனே கூட்டிண்டு வாம்மா. இன்னும் ரெண்டு நாள்ல எல்லாம் வடிஞ்சுடும், அப்புறம் இந்த டல்னெஸ்ஸை எங்கே போய்க் காட்டறது? இன்னிக்கே எல்லாரும் தட்டிப் பாத்துடட்டும்!"

சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களை ஓட ஓட வரவழைத்தேன். பன்னிரண்டு பேரும் வெள்ளைக் கோட்டோடு வரிசையில் வந்து, குழந்தையின் முதுகிலும் நெஞ்சிலும் விரல் வைத்துத் தட்டிவிட்டு, தலை குனிந்து நகர்ந்தார்கள். சத்தமே இல்லை. மாதம்மாள் கட்டிலின் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மாணவர்களின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. காலிக் கட்டில்

மறுநாள் காலை எட்டு மணிக்கு வார்டுக்கு வந்தால் ஏழாம் நம்பர் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"ஆறு மணி ஊசிக்கு இருந்தாங்க டாக்டர். மொகம் கழுவிவிட்டுக் கூட்டிட்டு வர்றேன்னு போனா, ஆளைக் காணோம்" என்றாள் ஸிஸ்டர்.

எனக்கு வந்ததே கோபம்! "பட்டிக்காட்டு ஜனம்! பிழைச்ச குழந்தையைத் தூக்கிண்டு போய்ச் சாகடிக்கப் போறது. இவாளுக்கெல்லாம் என்ன செஞ்சு என்ன பிரயோஜனம்?" என்று கத்தினேன். வார்டில் இருந்த அத்தனை தாய்மாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்போது கதவருகே மாணவன் சிவண்ணா நின்றுகொண்டிருந்தான். நஞ்சன்கூட்டுப் பையன், கன்னடக்காரன், தமிழ் அரைகுறை. நேற்று வரிசையில் கடைசி ஆள் அவன்தான்.

"மேடம், அந்த அம்மா நேத்து என்னைக் கேட்டா."

"என்ன கேட்டா?"

"என் கோட்டைப் பிடிச்சு, பிள்ளை பொழைக்குமா சாமின்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல்லே. தலையைக் குனிஞ்சு போயிட்டேன்."

"ஏண்டா, பொழைக்கும்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துடும்?"

அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நீவே ஹேளித்ரல்லா மேடம்" என்றான். நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறான். நியாயம்தானே! எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கொள்ளேகால் பஸ் ஒன்பது மணிக்கு. அங்கே போய்த்தான் ஹனூருக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். சிவண்ணாவை இழுத்துக்கொண்டு வாசலில் நின்ற குதிரை டாங்காவில் ஏறினேன்.

4. பஸ்ஸுக்குள்

பஸ் நிறைந்திருந்தது. பின்வரிசையில் ஜன்னலோரம் மாதம்மாள் இருந்தாள். குழந்தையைத் தலையோடு புடவையால் மூடி மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, உனக்குப் பைத்தியமா? யாரைக் கேட்டுண்டு கிளம்பினே?"

"சத்தம் போடாதீங்க டாக்டரம்மா" என்று கெஞ்சினாள். "கண்டக்டருக்குத் தெரிஞ்சா எறக்கி உட்டுருவாரு. உசுரு இருக்கறப்பவே ஊட்டுக்குக் கொண்டுபோயிரோணுமுங்க. போயிருச்சுன்னா பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க. அவுங்கப்பன் மொகத்தப் பாக்கோணுமில்லீங்களா?"

"உசுரு போகும்னு யார் சொன்னா?"

"வாயில வேற சொல்லோணுமாங்க? நேத்துப் பெரிய டாக்டரு ஓடியாந்து எல்லாத்தையும் வெரசா வரச்சொன்னாரு. பன்னெண்டு பேரு வந்தாங்க. புள்ள நெஞ்சத் தொட்டாங்க. ஆரும் வாயத் தொறக்கல. ஒருத்தருகூட, வர்றேன்னு சொல்லிக்காமப் போயிட்டாங்க. எழவூட்டுலதானுங்க சொல்லிக்காமப் போவாங்க."

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். சின்ன வயதில் தெரியாமல் சொல்லி நான் அடி வாங்கியிருக்கிறேன். அவ்வளவு தெரிந்தும், என் வரிசை அந்தத் தாயின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சிவண்ணா முன்னால் வந்தான். "அம்மா, நேத்து நீ கேட்டே, நான் சொல்லல்லே. தப்பாயித்து. மயிலா பொழைக்கும்" என்றான்.

"இப்பச் சொல்றீங்களே சாமி, நேத்து எதுக்குச் சொல்லல?"

அவன் என்னைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசில்லை.

"அவன் மேல தப்பில்லேம்மா. பேசக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன். தப்பு என்னோடது" என்றேன். ஒரு மாணவன் எதிரில் என் தப்பை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவள் எழுந்திருக்கவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அதட்டினால் வரமாட்டாள், கெஞ்சினால் நம்பமாட்டாள். என்ன கேட்பது என்று தெரியாமல், "நேத்து ராத்திரி குழந்தை எப்படித் தூங்கினா?" என்று கேட்டேன். இத்தனை நாளில் குழந்தையைப் பற்றி அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"எப்பவும் சோத்தாங்கைப் பக்கமாத்தானுங்க படுப்பா. இந்தப் பக்கம் திருப்புனா மூச்சு முட்டிக்கும், அழுவா. நேத்து ராத்திரி அவளாவே இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குனா. அதுதான் கடைசித் தூக்கம்னு நெனச்சு நான் விடிய விடிய உக்காந்திருந்தனுங்க."

சிவண்ணாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் பதின்மூன்று பேர் தட்டித் தட்டிக் கண்டுபிடித்ததை அவள் சும்மா பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

"அம்மா, அவளுக்குச் சீழ் இருந்தது சோத்தாங்கைப் பக்கம். நல்ல பக்கம்தான் மூச்சு வாங்கிண்டிருந்தது. நல்ல பக்கத்தைக் கீழே அமுக்கிப் படுத்தா மூச்சு முட்டும், அதான் திரும்பமாட்டா. இப்பத் திரும்பறான்னா, சீழ் போயி அந்தப் பக்கமும் மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுத்துன்னு அர்த்தம். போற குழந்தை இப்படித் தூங்குமா, நீயே சொல்லு."

அவள் புடவையை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப அத்தன பேரும் எதுக்குங்க வந்தாங்க?"

"குணமாயிண்டு வர்றா. வியாதியோட அடையாளம் போயிடறதுக்குள்ள படிச்சுக்கணும்னு வந்தாங்க."

"இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ராத்திரி பூரா அழுதிருக்க மாட்டனே டாக்டரம்மா!" என்றாள். சொல்லிவிட்டுக் குழந்தையைச் சிவண்ணாவிடம் நீட்டினாள். மூன்று பேரும் இறங்கினோம். மூன்று வாரம் கழித்து மயிலா தன் காலால் நடந்து அதே பஸ்ஸில் ஏறினாள்.

5. ரிஜிஸ்டர்

இத்தோடு முடித்திருந்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் பஸ்ஸிலிருந்து அவர்களைத் திருப்பி அழைத்து வந்த அன்று சாயங்காலம் வார்டு ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். நான் சட்டம் போட்ட பிறகு, மயிலாவுக்கு முன்பே மூன்று குழந்தைகள் சொல்லாமல் போயிருந்தன. மூன்றுக்கும் நேரே, காரணம் என்ற பத்தியில், "தாயின் அறியாமை" என்று என் கையெழுத்தில் இருந்தது. தேதிகளைப் பார்த்தேன். மூன்றும் க்ளினிக்ஸுக்கு மறுநாள். மூன்று தாய்மாரும் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க்காரர்கள்.

மூன்று வீட்டுக்கும் கார்டு போட்டேன். குழந்தையை உடனே அழைத்து வாருங்கள், குணப்படுத்தலாம் என்று எழுதினேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் சட்டத்தை மாற்றினேன். கை வைப்பதற்கு முன் மாணவன் தாயிடம் தன் பேரைச் சொல்ல வேண்டும். எதற்காகத் தொடுகிறான் என்று சொல்ல வேண்டும். நேற்றைவிட இன்று குழந்தை எப்படி என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும். நகரும்போது, போயிட்டு வரேம்மா என்று சொல்ல வேண்டும். பெரிய டாக்டர், "டயம் ஆறதேம்மா" என்று முணுமுணுத்தார். ஆகட்டும் என்றேன். தாயிடம் கேட்டுவிட்டுத் தொட்ட மாணவர்கள் முன்னைவிட நன்றாகவே நோயைக் கண்டுபிடித்தார்கள். எங்கே தட்ட வேண்டும் என்று பாதி நேரம் அவளே சொல்லிவிடுவாள்.

இரண்டு கார்டுக்குப் பதிலே வரவில்லை. மூன்றாவதற்கு வந்தது. யாரிடமோ சொல்லி எழுதியது. குழந்தையின் தகப்பன் எழுதச் சொல்லியிருக்கிறார்:

"டாக்டரம்மாவுக்குக் கும்பிடு. ஊர் வந்த மூன்றாம் நாள் பையன் தவறிவிட்டான். கடைசியாக எல்லா டாக்டர்களும் வரிசையாக வந்து அவனைத் தொட்டு வழியனுப்பியதாக என் சம்சாரம் சொன்னாள். எங்கள் ஊரில் தலைவரான பெரியதனக்காரருக்குக்கூட அத்தனை படித்தவர்கள் வந்ததில்லை. நீங்கள் செய்த மரியாதையை மறக்கமாட்டோம்."

படித்துவிட்டு டியூட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாங்கள் வழியனுப்ப வரவில்லை, உங்கள் பிள்ளை பிழைத்திருப்பான் என்று அந்த மனிதருக்கு எப்படி எழுதுவது? பலமுறை பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. அவருக்கு எழுத முடியாமல் போனதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.